வெளிவராத முதல் பாட்டு

தலைநகரில் தமிழர் இருவர் சந்தித்தால், முதலில் ஊரைப் பற்றியும் அடுத்து ரயில் டிக்கெட்டைப் பற்றியும் பேசுவர். பாட்டுக்கு மூன்றாம் இடமே. ராமகிருஷ்ணபுரம் அரசுக் குடியிருப்பில் எங்கள் நண்பர் குழாத்திலோ பாட்டுக்குத்தான் முதலிடம். அதிலும் எஸ். பி. பாலசுப்பிரமணியம் என்றால் நேரம் போவது தெரியாது. 2020 செப்டம்பர் 25 அன்று அவர் மறைந்த பிறகும் அந்தப் பேச்சு குறையவில்லை. வேறொரு திசையில் திரும்பியது. அவர் பாடியும் நாம் கேளாத பாடல்கள் எவை என்பதே அது.

திரையுலகில் படப்பிடிப்புக்கு முன்பே பாடலைப் பதிவு செய்துவிடுவது வழக்கம். படம் நின்றுபோனால் பாட்டும் பெட்டிக்குள் முடங்கிவிடும். சிலவற்றுக்கு மட்டும் நற்பேறு வாய்க்கும். 'மணிப்பூர் மாமியார்' திரைக்கு வரவே இல்லை. ஆயினும் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவனும் எஸ். பி. சைலஜாவும் அதற்காகப் பாடிய பாடலை இன்றும் இரசிகர்கள் விரும்பிக் கேட்கின்றனர்.

பாலசுப்பிரமணியத்தின் முதல் தமிழ்ப் பாட்டுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 1966-இல் தெலுங்கில் பாடத் தொடங்கிய அவர், தமிழில் வாய்ப்பு நாடி எம். எஸ். விஸ்வநாதனிடம் சென்றார். குரலை மெச்சிய மெல்லிசை மன்னர், தமிழ் உச்சரிப்பைச் செம்மை செய்துகொண்டு வருமாறு சொல்லி அனுப்பினார். இளைஞர் மனம் தளரவில்லை, பயின்று வந்தார். 'ஓட்டல் ரம்பா' என்னும் படத்துக்காக எல். ஆர். ஈஸ்வரியுடன் பாடினார். படம் வெளிவரவில்லை. அடுத்து 'சாந்தி நிலையம்' படத்துக்குப் பாடினார். அதையும் முந்திக்கொண்டு, 1969 மே முதல் நாளில் 'அடிமைப்பெண்' வெளிவந்தது. டைபாய்டு காய்ச்சலில் படுத்திருந்தவர் குணமாகும்வரை எம்.ஜி.ஆர். காத்திருந்து பாடவைத்த படம் அது. ஆக, நாடு கேட்ட முதல் பாட்டு, அவர் பாடிய முதல் பாட்டன்று.

அந்தப் பதிவு கிடைத்தால் வெளியிடலாமா என்று எங்களுக்குள் ஒரு வாதம். "அவர் குரலில் ஒரு வரி ஆனாலும் நமக்குச் சொத்துதானே, சார்?" என்றார் ஒருவர். "கலைஞர் தாமே எடுத்துக் கொடுக்காததை நாம் துழாவுவது முறையன்று" என்றார் மூத்த நண்பர். எழுத்தராகிய எனக்குக் கோப்புகளே நினைவுக்கு வந்தன. கையொப்பமாகி வெளிச்செல்லும் ஆணையில் அடித்தல் திருத்தல் இராது. அவையெல்லாம் கோப்பினுள் வரைவில் கிடக்கும். ஆயினும் அந்த முடிவுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தோம் என்பதற்கு வரைவுதானே சான்று?

வாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்த என் மகள் குறுக்கிட்டாள். அவள் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். கோடை விடுமுறைக்கு ஊருக்குச் சென்றிருந்தபோது அவள் 'பழம்' என்று சொன்ன விதம் கேட்டு உறவினர் சிரித்துவிட்டனர். அன்று முதல் பாட்டி தொலைபேசியில் அழைத்தால் கருவியை என்னிடம் நீட்டிவிடுவாள். அவள் கேட்டாள்: "அந்த முதல் பாட்டுல அவர் தமிழ் எப்படி இருந்துச்சு, அப்பா? அவருக்கு 'ழ' சரியா வந்துச்சா?"

அந்தப் பாட்டைக் கேட்டிராத எங்களில் எவரிடமும் விடையில்லை. இத்தனை நாள் நாங்கள் தேடியது ஓர் அரிய பொருளை. அவளோ ஒரு துணையைத் தேடினாள். அடுத்த வாரம் பாட்டி அழைத்தபோது, கருவியை என்னிடம் நீட்டுமுன் இரண்டு வாக்கியம் தமிழில் பேசினாள். 'சாப்பிட்டீங்களா' என்பதும் 'நல்லா இருக்கேன்' என்பதுமே அவை. மறுமுனையில் என் தாயாருக்குக் குரல் தழுதழுத்தது.

அந்த ஒலிப்பதிவு என்றேனும் வெளிவருமாயின், பிழையற்ற பாட்டாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டமாட்டேன். எங்கேனும் ஒரு சொல் சற்றே தடுக்கியிருந்தாலும் நன்றே. தமிழைத் தயங்கித் தயங்கிப் பேசும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் போட்டுக் காட்ட வேண்டும்.