முன் சக்கரத்தின் பங்கு

ஜூன் 12

நெடுந்தூரப் பயணத்துக்கு சைக்கிளில் மூட்டை கட்டும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது மொத்தம் எத்தனை கிலோ என்பதை. அந்தப் பாரம் எந்தச் சக்கரத்தின் மேல் விழுகிறது என்பதை அதற்கும் முன்னால் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். 75 கிலோ ஆள், 15 கிலோ சைக்கிள் என்று வைத்துக்கொள்வோம். ஆள் ஏறி அமர்ந்ததும் இந்த 90 கிலோவில் ஏறத்தாழ 38 முன் சக்கரத்துக்கும் 52 பின் சக்கரத்துக்கும் போகும். 20 கிலோ சாமானைப் பின் கேரியரில் ஏற்றினால் அத்தனையும் பின் சக்கரத்தின் தலையில்தான்: 72. பைகள் அச்சைத் தாண்டிப் பின்னே தள்ளியிருந்தால் முன் சக்கரத்தின் பாரமும் சற்றுக் குறையும். செங்குத்தான ஏற்றத்தில் ஹேண்டில்பார் கைக்கு லேசாகி, முன் சக்கரம் தடுமாறும். அதே 20 கிலோவில் 12ஐ முன் அச்சின் இருபுறமும் 8ஐப் பின்னாலும் வைத்துப் பாருங்கள்: முன்னே 50, பின்னே 60. சாமான் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. வண்டி வேறு வண்டியாகிவிடுகிறது.

முதலில் பலன் பெறுவது பின் சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பிகள். சக்கரம் சுற்றும்போது தரைக்கு நேரே வரும் கம்பி தளர்ந்து, மேலே போனதும் மறுபடி இறுகும். இது லட்சக்கணக்கான முறை நடந்துதான் கம்பி முறிகிறது. பாரம் கூடக் கூட இந்த ஏற்ற இறக்கமும் கூடும்.

பால்காரர் எல்லா கேன்களையும் பின்னால்தானே தொங்கவிடுகிறார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அவருடைய வண்டியின் பின் சக்கரத்தில் 40 கம்பிகள். ஒரே பல்சக்கரம் என்பதால் இருபுறக் கம்பிகளும் ஏறக்குறைய சமமாக இறுகியிருக்கும். கியர் வண்டியிலோ பல்சக்கர அடுக்குக்கு இடம்விட வேண்டியிருப்பதால் செயின் பக்கக் கம்பிகள் மிக இறுக்கமாகவும் மறுபக்கத்தவை தளர்வாகவும் அமைகின்றன. பால்காரர் மலைச்சரிவில் 50 கி.மீ. வேகத்தில் இறங்குவதும் இல்லை.

ஜூன் 13

முன்னால் பாரம் வைத்தால் ஹேண்டில்பார் கனத்துவிடும் என்பது இன்னொரு மறுப்பு. கனக்கும் என்பது உண்மை. எவ்வளவு தொல்லை தரும் என்பது உயரத்தைப் பொறுத்தது. ஹேண்டில்பாருக்கு முன்னே உயரத்தில் தொங்கும் பை, திருப்பும்போதெல்லாம் ஊசலாடி இழுக்கும். ஃபோர்க்கின் இருபுறமும் அச்சின் உயரத்தில் கட்டிய பைகள் அப்படி இழுப்பதில்லை. அமெரிக்கரான ஜிம் பிளாக்பர்ன் பாரத்தை வெவ்வேறு இடங்களில் வைத்துச் சோதித்து, முன்பக்கம் தாழத் தொங்கும் பைகளே வண்டியை நிதானப்படுத்துகின்றன என்று கண்டார். தாழ்ந்த முன் கேரியர் பரவியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. ஹேண்டில்பாரில் தெரியும் அந்தக் கனம்தான் இறக்கத்தில் வண்டி நடுங்காமல் காக்கிறது. ஒரே நிபந்தனை: முன் பைகள் இரண்டும் எடையில் ஒத்திருக்க வேண்டும். இடமும் வலமும் ஒரு கிலோ வேறுபட்டால் கை நாள் முழுக்க அதைச் சரிக்கட்டிக்கொண்டே இருக்கும். பாறைப் பாதையில் இந்தப் பைகள் கல்லில் இடிபடும் என்பதை மறுக்க மாட்டேன். அங்கே இந்த முறை ஒத்துவராது.

சாமானையே குறைத்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்பார்கள். 1884இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பிய தாமஸ் ஸ்டீவன்ஸ் காலுறை, மாற்றுச் சட்டை, கூடாரமாகவும் உதவிய மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி என்று மிகக் கொஞ்சமே எடுத்துப்போனார். குறைப்பது நல்லதுதான். ஆனால் தண்ணீரை எப்படிக் குறைப்பது? ஆஸ்திரேலியாவின் நல்லார்போர் சமவெளியில் சில இடங்களில் ஒரு விடுதிக்கும் அடுத்ததற்கும் இடையே 180 கி.மீ.க்கும் மேல் வெறும் சாலை. பத்து லிட்டர் என்றால் பத்து கிலோ. அதுவும் குடிக்கக் குடிக்கக் குறையும் பாரம். காலையில் ஒத்திருந்த பைகள் மதியத்தில் ஒத்திருக்காது. ஆகவே தண்ணீரின் பெரும்பகுதிக்கு சைக்கிள் சட்டத்தின் நடு முக்கோணமே சரியான இடம். மிஞ்சுவதை முன் பைகளில் சரிபாதியாக வைத்து, இரு பக்கமும் மாற்றி மாற்றிக் குடிக்க வேண்டும்.