காலுக்கேற்ற கையேடு

அதியமான்கோட்டையிலிருந்து நோக்கினால் தொலைவில் மலைகள் நீலமாய்த் தோன்றும். அவற்றில் ஏறிப் பார்க்கும் ஆவல் இளைஞர் உள்ளத்தில் எழுவது இயல்பே. "ஒரே நாளில் ஏறித் திரும்ப எந்த வழிகாட்டி நூலை வாங்கலாம், சாமி?" எனச் சிலர் வினவுகின்றனர். நம் ஆற்றலை நமக்கே அளந்து காட்டும் நூலை வாங்குங்கள் என்பேன்.

நல்ல நூல் தொலைவை மட்டும் கூறி அமையாது. ஏற வேண்டிய உயரம், நீர் கிடைக்குமிடம், செல்லத் தகாத பருவம் ஆகியவற்றையும் உரைக்கும். ஸ்காட்லாந்து மலையேறியான நெய்ஸ்மித் 1892-இல் ஒரு கணக்கு வகுத்தார். ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம். 600 மீட்டர் ஏற்றத்திற்கு மேலும் ஒரு மணி நேரம். இது வலுவுள்ளோர்க்கு உரியது. ஓய்வு இதில் சேராது. சிறுவரும் முதியோரும் உடன்வரின் நேரம் இன்னும் கூடும்.

தமிழக வனத்துறை 2024-இல் தொடங்கிய மலையேற்றத் திட்டம், 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என வகுத்துள்ளது. நூல் கூறும் வழியை இத்தகைய வகுப்போடு ஒப்பிடுங்கள். காப்புக்காடாயின் வனத்துறையின் இசைவைப் பெறுங்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆகவே கோடையில் எந்த நூல் அழைப்பினும் காட்டுவழியைத் தவிருங்கள்.

குழுவில் மிக மெதுவாய் நடப்பவர் எவரோ, அவரது ஆற்றலே குழுவின் ஆற்றல். அவருக்குப் பொருந்தும் பக்கத்தையே முதலில் திறவுங்கள். பொழுது சாயுமுன் அனைவரும் இல்லம் திரும்புங்கள். கடினமான பாதைக்குரிய பக்கத்தைப் பின்னொரு நாள் புரட்டலாம். மலை அங்கேதான் இருக்கும்.