மெருகு – சில குறிப்புகள்

எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் 'மெருகு' என்கிற சொல்லை நான் அதிகம் கேட்டது, நம்முடைய எழுத்துக்கு அது இல்லை என்று சொல்லப்பட்டபோதுதான். கோபம் இருக்கிறது, கொச்சை இருக்கிறது, மெருகு மட்டும் இல்லை என்பார்கள். மெருகு என்றால் என்னவென்று அவர்களில் யாரும் சொன்னதில்லை. சொன்னவர் என் தாய்மாமன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர், புதுச்சேரியில் கார் பெயின்ட் ஷெட்டுகளில் இருபத்திரண்டு வருஷம் பாலிஷ் போட்டவர். "மெருகுன்னா ஒண்ணு சொரண்டி எடுக்குறது, இல்லன்னா ரொப்பி மறைக்கிறது. மூணாவதா ஒண்ணு கெடையாது மாப்ள" என்பார்.

கார் மங்கிப்போவது வயசினால் மட்டும் அல்ல. வெயிலில் நிறுத்திப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். அதில் பெரும்பகுதி ஓட்டும்போது விழுந்ததில்லை, துடைக்கும்போது விழுந்தது. காய்ந்த தூசி மேலே காய்ந்த துணியைப் போட்டு இழுத்தால் ஒவ்வொரு மணலும் ஒரு உளி. கடற்கரை ஊரில் காற்றே உப்பைக் கொண்டுவந்து கொட்டுகிறது. போர் தண்ணியும் பல இடங்களில் உவர்ப்பு. கழுவிவிட்டு அப்படியே காயவிட்டால் வெள்ளைத் திட்டு பூத்துவிடும். வெளிச்சம் கீறலின் ஓரத்தில் பட்டுச் சிதறுவதைத்தான் நாம் மங்கல் என்கிறோம். சுற்றியுள்ள பரப்பைக் கீறலின் ஆழம் வரைக்கும் இறக்கிச் சமமாக்கினால் வெளிச்சம் நேராகத் திரும்பிவரும். ரப்பிங் காம்பவுண்டு செய்வது இதைத்தான். அலுமினியம் ஆக்சைடு மாதிரிப் பொடியை வைத்துப் பெயின்ட்டைச் சீவி எடுக்கிறது. மற்றது ரொப்புகிற ரகம். எண்ணெயும் மெழுகும் கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நாலு தடவை கழுவினால் கீறல் திரும்ப எட்டிப் பார்க்கும். பழைய கார் விற்கிறவர்களுக்கு இந்த இரண்டாவது ரகத்தின் மேல் தனிப் பிரியம் உண்டு.

2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர்களில் பழசு பலவற்றுக்கும் மேலே தனிப்பூச்சு கிடையாது, நிறமே கடைசிப் பூச்சு. பாலிஷ் போட்டால் துணியில் அந்த நிறமே ஏறிவிடும். இப்போது வருகிற கார்களில் நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி கிளியர் கோட் என்று ஒரு அடுக்கு. அதில் துணி அழுக்கு வெள்ளையாக வரும். மாமா எந்தக் காரானாலும் முதலில் ஓர் ஓரத்தில் தேய்த்துத் துணியைத்தான் பார்ப்பார்.

அந்தக் கிளியர் கோட் பொதுவாக நாற்பது, ஐம்பது மைக்ரான். தலைமுடியின் பருமன்கூட இல்லை. வெயிலைத் தாங்குகிற சத்தும் அதில்தான் இருக்கிறது. முரட்டுக் காம்பவுண்டு ஒவ்வொரு தடவையும் அதில் கொஞ்சம் தின்றுவிடும். எடுத்ததைத் திரும்ப வைக்கிற பாலிஷ் எந்தக் கம்பெனியிலும் இல்லை.

இதைச் சொன்னதற்குத்தான் மாமா தண்டனை வாங்கினார். 2019-இல் ஒரு கறுப்புக் கார் வந்தது. கறுப்பில்தான் எல்லாக் கீறலும் தெரியும், தேய்க்கச் சொல்லி அதிகம் வருவதும் கறுப்புதான். ஏற்கெனவே இரண்டு முறை காம்பவுண்டு போட்ட வண்டி. மெல்லிசு பாலிஷில் ஆரம்பிக்கலாம், எவ்வளவு போகுதோ அவ்வளவு போகட்டும் என்றார் மாமா. ஷெட்காரர் மாமாவைவிட எட்டு வயசு சின்னவர். "ஒனக்கு இன்னாடா தெரியும், கம்பளி பேடு போட்டு அடி" என்றார். அடித்தார்கள். பானெட்டின் விளிம்பில் பூச்சு எப்போதுமே மெல்லிசு, சூடும் அங்கேதான் சீக்கிரம் ஏறும். கிளியர் கோட் போய் அடி நிறம் வெளுத்துத் தெரிந்தது. திரும்பப் பெயின்ட் அடித்த செலவை நாலு மாசம் மாமாவின் கூலியில் பிடித்தார்கள்.

அதே ஷெட்டில், வண்டியை இங்கேயிருந்து அங்கே நகர்த்த வேண்டும் என்றால் மாமா சீட்டில் பேப்பர் விரித்துத்தான் உட்கார வேண்டும். எண்ணெய்க் கறை படுமாம். அதே கறையோடு ஏறுகிற பெயின்டருக்குப் பேப்பர் கேட்டதில்லை. பெயின்டர் வேறு தெரு. காரின் வெளித்தோலை நாள் முழுக்க இந்தக் கை தடவலாம், உள்ளே உட்கார்ந்தால்தான் கறை. தீட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று மைக்ரான் கணக்கில் அளந்து வைத்திருக்கிறார்கள்.

போன வருஷம் அத்தை பேரில் மகளிர் குழுவில் கடன் எடுத்து, வில்லியனூர் போகிற பக்கம் மாமா சொந்தமாகத் தகரக் கொட்டகை போட்டார். எந்தப் பாலிஷ் வாங்குவது என்று ஒரு ராத்திரி முழுக்கப் பேசினோம். பாட்டில்களில் எழுதியிருப்பதெல்லாம் இங்கிலீஷ். நான் படித்துச் சொல்லச் சொல்ல அவர் கேட்டார். முகக்கவசம் போடு, காற்றோட்டமான இடத்தில் வேலை செய் என்று போட்டிருந்ததைப் படித்தபோது, "இதெல்லாமா எழுதியிருக்கு?" என்றார். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பொடியைக் கைக்குட்டை கட்டிக்கொண்டு சுவாசித்தவர்.

எண்கள் ஒரு தொல்லை. மென்செர்னாவில் 400 முரட்டு வெட்டு, 2500 நடு, 3800 கடைசி மெருகு. மெக்வையர்ஸில் 105 வெட்டு, 205 மெருகு. ஒரு கம்பெனி எண்ணை வைத்து இன்னொரு கம்பெனியை அளக்க முடியாது. மாமா எல்லாவற்றையும் அடுக்கச் சொல்லவில்லை. நடு ரகமும் மெல்லிசும் பெரிய பாட்டில், முரட்டு ரகம் ஒரே ஒரு சின்ன பாட்டில். மிச்சக் காசுக்கு நுரைப் பேடுகளும் மைக்ரோ ஃபைபர் துணியும். "மருந்து பாதி, பேடு பாதி. அழுக்குப் பேடுல ஒசத்தி மருந்து ஊத்தினாலும் கோடுதான் விழும்." மாஸ்கிங் டேப்பில் தமிழில் எழுதி ஒட்டினேன்: மொரடு, நடு, நைஸ்.

அவர் முறை இதுதான். வண்டியை நன்றாகக் கழுவியபிறகு இரண்டு சாண் இடத்தில் மட்டும் நைஸில் ஆரம்பிப்பார். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணியில் கலந்து துடைப்பார், எண்ணெய் ரொப்பி ஏமாற்றியிருந்தால் அதில் தெரிந்துவிடும். கீறல் நின்றால் பேடை மாற்றுவார். அப்புறமும் நின்றால்தான் அடுத்த பாட்டில். விரல் நகம் மாட்டுகிற அளவு ஆழமான கீறலைத் தொடவே மாட்டார். விளிம்புகளுக்கு டேப் ஒட்டிவிடுவார்.

கடைசியில் வேக்ஸ். உயர்ந்த ரகம் என்று விற்பது கர்னாபா. பிரேசிலின் வடகிழக்கில் வளர்கிற ஒரு பனை, அதன் ஓலையில் படிகிற மெழுகு. நீளக் கழியில் அரிவாள் கட்டி ஓலையை அறுத்து, காயவைத்து, அடித்துத் தூளை எடுக்கிறார்கள். அந்தத் தோட்டங்களில் கூலிகள் அடிமைகளைப்போல நடத்தப்படுவதை 2017-இல் ஒரு ஜெர்மன் தொலைக்காட்சி ஆவணப்படம் காட்டியது. பிரேசிலில் அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தது 1888-இல். சில பெயின்ட்களில் மினுக்குகிற காக்காப்பொன்னுக்கும் இதே கதை. ஜார்க்கண்டில் குழந்தைகள் குழிக்குள் இறங்கிப் பொறுக்கியதாகச் செய்திகள் வந்தன. இதைச் சொன்னபோது மாமா ரொம்ப நேரம் டப்பாவையே பார்த்தார். "பன ஏர்றவன் எல்லா ஊர்லயும் ஒரே ஆளுதான் போல" என்றார். விலையையும் பார்த்து, செயற்கை மெழுகு ரகத்தையே எடுத்துக்கொண்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே வரி குறைவு என்று, வெளிமாநிலச் சொகுசுக் கார்களைப் புதுச்சேரி முகவரி காட்டிப் பதிவு செய்த விவகாரம் 2017-இல் கேரளத்தில் வெடித்தது. இந்த ஊர்த் தெருவையே பார்க்காத காருக்கெல்லாம் இந்த ஊர் முகவரி கிடைத்திருக்கிறது. எங்கள் தெருவில் மனைப்பட்டாவுக்கு மனு எழுதிக் கொடுத்தே என் கையெழுத்து நன்றாகிவிட்டது.

கொட்டகை போட்ட இரண்டாவது மாசம் பழைய சிவப்புக் கார் ஒன்று வந்தது. கண்ணாடி மாதிரி வேண்டும், முரட்டுக் காம்பவுண்டே போடு, காசு தருகிறேன் என்றார் வண்டிக்காரர். மாமா கூரை விளிம்பைத் தடவிப் பார்த்தார். "இதுல எடுக்க ஒண்ணும் இல்ல சார். நைஸ் போட்டு வேக்ஸ் வெக்கிறேன், முக்காவாசி வரும். முழுசா வேணும்னா பெயின்ட்தான் அடிக்கணும்." அவர் முகம் சுளித்துக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு வேறு வேலை இல்லை. அத்தை சத்தம் போட்டாள், குழுவில் வாரத் தவணை கட்ட வேண்டிய நாள் அது.

மாமா பேடுகளைச் சோப்புத் தண்ணியில் ஊறப்போட்டுக்கொண்டே என்னைக் கேட்டார்: "பூச்சு எவ்ளோ மிச்சம் இருக்குன்னு காட்டற மிஷின் ஒண்ணு இருக்குன்னியே, அது இன்னா வெல இருக்கும்? கைல தடவிச் சொன்னா நம்ப மாட்றானுங்க. நம்பர் காட்டுனா நம்புவானுங்க." அடுத்த சீட்டு எடுத்ததும் அதைத்தான் வாங்கப்போகிறார்.