முதலில் போட்ட முடிச்சு



"உங்க குர்ஆன்ல ஒரு கதைகூட தொடர்ச்சியா வராதாமே, அங்கங்கே துண்டு துண்டாத்தான் இருக்குமாமே?" என்று என் பெஞ்சு நண்பன் ஒருநாள் கேட்டான். கேலிக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அவன் சொன்னதில் பாதி உண்மை. மூஸா நபி, இப்ராஹீம் நபி ஆகியோரின் வரலாறு பல சூராக்களில் (அத்தியாயங்களில்) பிரிந்துதான் வருகிறது. ஆனால் 12-ஆவது சூரா அப்படியல்ல. அதன் 111 வசனங்களில் யூசுஃப் நபி (அலை) அவர்களின் கதை ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே தொடராக வருகிறது. பைபிள் படித்த நண்பர்களுக்கு இவர் யோசேப்பு.

அவனுக்குப் பதில் சொல்வதற்காகத் தமிழ் மொழிபெயர்ப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கதை ஏற்கனவே தெரிந்ததுதான். அது கட்டப்பட்டிருக்கும் விதம்தான் என்னை அசர வைத்தது.

ஆறு முடிச்சுகள்

சிறுவர் யூசுஃப் ஒரு கனவு காண்கிறார். பதினொரு நட்சத்திரங்களும் சூரியனும் சந்திரனும் தமக்குப் பணிவதாகக் கனவு. இது முதல் முடிச்சு. பொறாமை கொண்ட அண்ணன்மார் அவரைக் கிணற்றில் போட்டுவிடுகிறார்கள். இது இரண்டாவது. வழிப்போக்கர்கள் அவரை எடுத்து எகிப்தில் விற்கிறார்கள். அங்கே எஜமானரின் மனைவி தவறான ஆசை கொள்கிறார், இணங்காத அவர்மேல் பழி போடுகிறார். மூன்றாவது. அவரைப் பார்த்து மயங்கிக் கத்தியால் தங்கள் கைகளையே வெட்டிக்கொண்ட ஊர்ப் பெண்களாலும் தொல்லை. நான்காவது. குற்றம் செய்யாமலே சிறை. ஐந்தாவது. கடைசியில் அரசர் காணும் கனவு: ஏழு கொழுத்த பசுக்களை ஏழு மெலிந்த பசுக்கள் தின்கின்றன. யாருக்கும் பொருள் தெரியவில்லை. ஆறாவது முடிச்சு. இது 43-ஆவது வசனம்.

இனி அவிழ்வதைப் பாருங்கள். முதலில் அரசரின் கனவுக்குச் சிறையிலிருந்தே யூசுஃப் பொருள் சொல்கிறார்: ஏழு ஆண்டு செழிப்பு, பிறகு ஏழு ஆண்டு பஞ்சம். அடுத்து, அவரை அழைத்து வரும்படி அரசர் ஆள் அனுப்புகிறார். அடுத்து ஊர்ப் பெண்கள் உண்மையைச் சொல்கிறார்கள். அடுத்து எஜமானரின் மனைவி ஒப்புக்கொள்கிறார். பிறகு அண்ணன்மார் தலை குனிகிறார்கள். கடைசியில், 100-ஆவது வசனத்தில், அந்தச் சிறுவயதுக் கனவு பலிக்கிறது.

ஆறு, ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று!

அட, இது நம்ம தமிழ் ஐயா நடத்தினதாச்சே! எதிர் நிரல்நிறை. 'மயிலும் குயிலும் பாடின, ஆடின' என்று எழுதினால், பாடியது குயில், ஆடியது மயில் என்று தலைகீழாகப் பொருத்திக்கொள்கிறோமே, அதேதான். அரபு அணி இலக்கணத்தில் இதை 'லஃப் வ நஷ்ர்' என்கிறார்கள். மடித்தலும் விரித்தலும் என்று அர்த்தம். யூசுஃப் சூராவின் கதை முழுவதுமே இப்படித் தலைகீழாக விரிகிறது என்று முஸ்தன்ஸிர் மீர் என்ற அறிஞர் 1986-இல் ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டியிருக்கிறார்.

இது வெறும் அழகுக்குத்தானா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரசரின் ஆள் சிறைக்கு வந்ததும் யூசுஃப் வெளியே ஓடி வரவில்லை. கையை வெட்டிக்கொண்ட பெண்களின் விஷயம் என்னவென்று முதலில் உங்கள் அரசரிடம் கேட்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். அப்படியே வந்திருந்தால் அரசர் இரக்கப்பட்டு விட்ட கைதி என்றுதான் ஊர் சொல்லியிருக்கும். பழி போன பிறகுதான் வெளியே வருகிறார்.

இன்னொன்றும் கவனித்தேன். கடைசியாக விழுந்த நான்கு முடிச்சுகளும் 47 முதல் 51 வரைக்குள் மளமளவென்று அவிழ்கின்றன. அண்ணன்மாரின் முடிச்சுக்கு மட்டும் 58-இலிருந்து 92 வரை ஆகிறது. முதல் கனவுக்கு 100 வரை. பழைய முடிச்சு இறுகிப் போயிருக்கும் அல்லவா?

அவ்வளவு காலமும் தந்தை யஃகூப் நபி (அலை) காத்திருக்கிறார். யூசுஃபைப் பறிகொடுத்தபோது, 18-ஆவது வசனத்தில், 'அழகிய பொறுமை' என்கிறார். பல வருஷம் கழித்து இன்னொரு மகனும் எகிப்தில் மாட்டிக்கொள்ளும்போது, 83-இல், திரும்பவும் அதே சொல். அடுத்த வசனத்திலேயே துக்கத்தால் அவர் கண்கள் வெளுத்துப் போகின்றன. பொறுமைன்னா அழாம இருக்கிறது இல்லைன்னு அப்போதுதான் புரிந்தது. அன்று இரத்தம் தோய்ந்த சட்டையோடு வந்த அதே மகன்கள் கையில்தான் யூசுஃப் தன் சட்டையைக் கொடுத்து அனுப்புகிறார். அதை முகத்தில் போட்டதும் தந்தைக்குப் பார்வை திரும்புகிறது.

எங்கள் உம்மம்மாவுக்கு அரபியில் ஓதத் தெரியும், அர்த்தம் தெரியாது. பெரிய மாமா கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரு தகவலும் இல்லை. இதையெல்லாம் உம்மம்மாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மொத முடிச்சு கடைசியிலதான் அவுருமா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். "அவுரட்டும். அதுவரைக்கும் எனக்கு ஆயுசு இருக்கணும், அவ்வளவுதான்" என்றார்கள். மாமா இன்னும் வரவில்லை. வந்துவிடுவார் என்று இந்த சூராவைக் காட்டி நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் இப்போதெல்லாம் 18-ஆவது வசனத்தை ஓதும்போது உம்மம்மா சற்று நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, பிறகுதான் தொடர்கிறார்கள்.

நண்பர்களே! டிபன் கேரியரில் முதலில் வைத்த அடித்தட்டு கடைசியில்தான் கைக்கு வரும். நம் வீட்டுச் சிக்கலோ, மார்க் கவலையோ, பேசாமல் போன நண்பனோ, எதுவானாலும் பழையது முதலில் தீரவில்லையே என்று சோர்ந்து போக வேண்டாம். இந்தக் கதையை 43-ஆவது வசனத்தில் நிறுத்திப் பாருங்கள். ஆறு முடிச்சும் இறுக்கமாக இருக்கும், ஒன்றுகூட அவிழ்ந்திருக்காது. இன்னும் 68 வசனங்கள் பாக்கி இருக்கின்றன.

— பதினொன்றாம் வகுப்பு மாணவன்