மலை ஏறிய கதைகளும் இறங்க மறுப்பவர்களும்

ஞாயிற்றுக்கிழமைகளில் பாளையங்கோட்டையில் கூடி வாசிக்கிற ஏழெட்டுப் பேர் நாங்கள். களப்பணியாளர்கள், ஆசிரியர்கள், ஒரு வழக்கறிஞர். கடந்த சில மாதங்களில் நான்கு நூல்களை வாசித்தோம். மாஞ்சோலைத் தொழிலாளர்கள் 2024 ஜூனில் விருப்ப ஓய்வில் கையெழுத்துப் போட்டுவிட்டு மலையை விட்டு இறங்க வேண்டும் என்ற நிலை வந்தபோது, நம் பள்ளத்தாக்கு மக்கள் தேயிலைக்குப் போன கதையை யார் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று தேடினோம். கையில் கிடைத்தவை இவை. இங்கே எழுதுவது விமர்சனம் இல்லை, எங்கள் அபிப்பிராயம் மட்டுமே.

முதலாவது டேவிட் லடனின் 'பெசன்ட் ஹிஸ்டரி இன் சவுத் இந்தியா'. 1985-இல் வந்த ஆங்கில ஆய்வு நூல். திருநெல்வேலிச் சீமையின் விவசாய வரலாறு. சமூகவியல் படித்த எங்களுக்கே பல இடங்களில் மூச்சு வாங்கியது. ஆனாலும் படித்தே ஆக வேண்டிய நூல். வற்றாத ஜீவநதி என்று தாமிரபரணியை நாம் கொண்டாடுகிறோமே, அந்த ஆற்றுத் தண்ணீர் பாய்ந்த வயல்கள் யார் கையில் இருந்தன, அதில் இறங்கி உழைத்தவர்கள் யார் என்பதை இது தெளிவாக வைக்கிறது. நிலம் பிராமணர், வேளாளர் வசம். சேற்றில் நின்றவர்கள் இன்று தேவேந்திரகுல வேளாளர் என்று அழைக்கப்படும் பள்ளர்கள். தண்ணீர் கொழித்த இடத்தில்தான் உடைமைக்கும் உழைப்புக்கும் நடுவிலிருந்த சுவரும் உயரமாக இருந்தது என்று இதை நாங்கள் புரிந்துகொண்டோம். மற்ற மூன்று நூல்களுக்கும் இதுவே வாசல்.

இரண்டாவது, புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'. 1935-இல் மணிக்கொடியில் வந்த நெடுங்கதை. நம் பக்கத்து வாசவன்பட்டியிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் கதை. 2014-இல் சென்னைப் பல்கலைக்கழகம் இதைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்தது. தலித்துகளைக் குறைவாகக் காட்டுகிறது என்பது புகார். எங்களுக்குள் இதில் பெரிய சண்டையே நடந்தது. சேரியைப் பார்க்கும் அந்தக் கண் வெளியிலிருந்து பார்க்கும் கண்தான். சில வரிகளைச் சத்தமாக வாசிக்கவே கூசியது. ஆனால் நவீன இலக்கியம் தொடங்கிய காலத்திலேயே, ஒரு தலித் பெண்ணின் உடல் தோட்டத்து அதிகாரத்திடம் என்ன பாடுபட்டது என்று எழுத ஒருவர் துணிந்திருக்கிறார். எங்களில் பெரும்பாலோரின் முடிவு இது: கதையை நீக்க வேண்டாம். வகுப்பில் வைத்து, பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்ற கேள்வியோடு நடத்துங்கள்.

மூன்றாவது 'எரியும் பனிக்காடு'. வால்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் 'ரெட் டீ' என்று எழுதியது. இரா. முருகவேள் தமிழாக்கம். பாலாவின் 'பரதேசி' படத்துக்கு அடிப்படை இதுதான். மயிலோடையிலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரி நீட்டும் முன்பணத்தை நம்பி ஆனைமலைக்குப் போகிறார்கள். முன்பணம் எப்படிக் கடனாகிறது, கடன் எப்படிக் கால்விலங்காகிறது என்று டாக்டர் கணக்குப் பிசகாமல் எழுதியிருக்கிறார். மலேரியாவும் அட்டைக்கடியும் குளிரும் வாசிக்கிற நம்மையும் நடுக்குகின்றன. நாவலாக அங்கங்கே தொய்வு உண்டு. சாட்சியமாகப் பார்த்தால் தொய்வே கிடையாது.

நான்காவது, மாரி செல்வராஜின் 'தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்'. 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வும் கைதானவர்களின் விடுதலையும் கேட்டு ஊர்வலம் வந்த மாஞ்சோலைத் தொழிலாளர்களும் ஆதரவாளர்களும் கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடியால் ஆற்றுக்குள் விரட்டப்பட்டார்கள். 17 பேர் செத்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. செத்தவர்களின் எண்ணிக்கையைச் சொல்லிச் சொல்லியே நாம் பழகிவிட்டோம். உயிரோடு கரையேறியவர்களையும் பார் என்கிறது இந்தத் தலைப்பு. தொகுப்பின் எல்லாக் கதைகளும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் உள்ளிருந்து எழும் குரல் எப்படி இருக்கும் என்பதைப் புதுமைப்பித்தனை வாசித்த கையோடு வாசித்தால் உடனே தெரியும்.

இவ்வளவும் பேசி முடித்தபோது, மலைத் தோட்டம் ஒன்றிலேயே பிறந்து அங்கேயே வேலை பார்த்து ஓய்ந்த ஓர் அம்மாவை ஒரு ஞாயிறு கூட்டத்துக்கு அழைத்து வந்தோம். 'எரியும் பனிக்காடு' நாவலில் சில பக்கங்களை எங்களில் ஒருவர் வாசிக்க, தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "எல்லாஞ் சரிதாம்மா. அங்க நாங்க சந்தோசமாவும் இருந்தோம்லா? அத ஏன் ஒருத்தரும் எழுதல?"

யாரும் பேசவில்லை. அவரே தொடர்ந்தார். "கீழ வந்து வாடகைக்கு வீடு கேட்டா மொதல்ல எந்த ஊரு, எந்தத் தெருன்னுதாம் கேக்காவ. மேல யாரும் அப்பிடிக் கேக்கல."

மலையில் சாதி இல்லவே இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. மேஸ்திரியும் கங்காணியும் யார், கூடை சுமந்தவர்கள் யார் என்பதிலேயே சாதி இருந்தது. ஆனால் தெருவை வைத்து ஆளை எடைபோடும் ஊர் அங்கே இல்லை. வரிசையாக நின்ற லைன் வீடுகளில் அடுத்தடுத்து வாழ்ந்திருக்கிறார்கள். நாங்கள் வாசித்த நூல்கள் ஏன் ஏறினார்கள், ஏறிப்போய் என்ன பட்டார்கள் என்பதைச் சொல்கின்றன. ஏன் இறங்க மறுக்கிறார்கள் என்பதை அவை சொல்லவில்லை. அதற்கான பதில் மலையில் இல்லை, கீழே நம் ஊரில் இருக்கிறது. லடன் எழுதிய அந்த வயல் இன்றும் அவர்களுடையது இல்லை.

சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பாம்பே பர்மா நிறுவனம் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த மலை அது. அரசின் டான்டீ எடுத்து நடத்தட்டும் என்ற கோரிக்கையை 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. கீழே வீடு தருகிறோம் என்கிறார்கள். வீடு தேவைதான். ஆனால் தலைமுறைகளுக்கு முன் நிலமில்லாமல் ஏறிப்போனவர்களின் பேரப்பிள்ளைகளை நிலமில்லாமலே இறக்கிவிடுவதற்கு மறுவாழ்வு என்று பெயர் வைக்க முடியாது. வீட்டோடு நிலமும் வேண்டும்.

தேயிலை கிள்ளிய கை எழுதிய ஒரு நூல்கூட எங்கள் அலமாரியில் இல்லை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பாமா 1992-இல் 'கருக்கு' எழுதிய பிறகுதான் நம் வீட்டுப் பேச்சும் புத்தகமாகும் என்ற துணிச்சல் பலருக்கு வந்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று எந்த எஸ்டேட்டிலிருந்தும் இறங்கியவர்கள் உங்கள் உறவிலோ தெருவிலோ இருந்தால், ஒரு நோட்டோடு போய் உட்காருங்கள். எந்த ஊரிலிருந்து ஏறினார்கள், யார் கூட்டிப்போனது, என்ன சமைத்தார்கள், கொடை எப்போது, எதற்குச் சிரித்தார்கள் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். 2028-இல் அந்தக் குத்தகை முடியும்போது, மேலே போய்க் கேட்பதற்கு ஆள் இருக்க மாட்டார்கள்.