புகார் தராத வீடு

திருப்பதி கோவிந்தராஜ சுவாமி கோயிலை ஒட்டிய சந்து ஒன்றில், ஒரு லாட்ஜில் நெட் விட்டு விட்டு வருவதாகப் புகார். என்னைக் கூட்டிப்போன கேபிள் லைன்மேன் கம்பியைத் தொடவே இல்லை. கைபேசியில் 192.168.100.1 என்று அடித்து, மோடம் தன்னைப் பற்றிச் சொல்லும் பக்கத்தைத் திறந்தார்.

அவர் பார்ப்பது மூன்று எண்கள். வந்து சேரும் சிக்னலின் லெவல், பூஜ்யத்துக்கு மேலும் கீழும் 7க்குள் நின்றால் நிம்மதி. சிக்னல் இரைச்சலைவிட எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பது அடுத்தது. 33 டெசிபலுக்குக் கீழே போனால் சந்தேகப்பட வேண்டும். மூன்றாவது, மோடம் திருப்பி அனுப்பும் வலு. அது 50ஐத் தொட்டால், காது கேளாதவரிடம் பேசுவதுபோல மோடம் கத்துகிறது என்று பொருள்.

லாட்ஜில் அறைக்கு ஒரு டிவி. கம்பியை இரண்டாகப் பிரிக்கும் ஒவ்வொரு ஸ்ப்ளிட்டரும் சுமார் மூன்றரை டெசிபலை விழுங்கும். பாதிக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். கடைசி ஸ்ப்ளிட்டரில் கிடந்த மோடத்தை முதலாவதுக்கு மாற்றினார். எண்கள் சீராகின.

சித்தூரில் பார்த்த கோளாறு இவ்வளவு சுலபமில்லை. லெவல் சரி; ஆனாலும் சாயங்காலமானால் தெரு முழுக்க நெட் அறுந்தது. டிவிக்கு ஒருவழிப் பாதை போதும். இன்டர்நெட்டுக்குத் திரும்பும் பாதையும் வேண்டும். அது 5 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் கீழ் அலைவரிசையில் ஓடுகிறது. மோட்டார், டியூப்லைட் சோக் எல்லாம் இரைச்சல் கொட்டும் இடம் அது. தளர்ந்த கனெக்டர் ஒன்று போதும், ஆன்டெனாவாகி அதை உள்ளே இழுத்துவிடும். எல்லா வீட்டு இரைச்சலும் சேர்ந்து ஒரே நோடுக்கு, அதாவது அந்தப் பகுதியின் இணைப்புகள் கூடும் பெட்டிக்கு, போவதால், கெடுப்பது ஒரு வீடு, அவதிப்படுவது ஊர்.

லைன்மேன் கம்பத்தில் ஏறி, ஆம்ப்ளிஃபையரிலிருந்து பிரியும் கிளைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்த்திருப்பவரிடம் போனில் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி: “தக்கிந்தா?” (குறைந்ததா?) ஒரு கிளையில் இரைச்சல் குறைந்தது. அதே வழியில் தேடிப்போய் நின்றது ஒரு ஓட்டு வீட்டு வாசல். அங்கே நெட்டே கிடையாது.

“டிவி நல்லாத்தானே தெரியுது, எதுக்குப்பா நோண்டறே?” என்றார் அந்த அம்மா.

“உங்களுக்கு நல்லாத்தாம்மா இருக்கு. தெருக்கோடியில புள்ளைங்க படிக்க நெட் வரல. ஒரு அஞ்சு நிமிஷம்மா.”

பரணில் கம்பியை முறுக்கி டேப் சுற்றிய பழைய ஜாயின்ட் கிடந்தது. அதை வெட்டி, புது கனெக்டர் போட்டு இறுக்கி, சும்மா திறந்திருந்த முனைக்கு 75 ஓம் மூடி போட்டார். கட்டுப்பாட்டு அறையின் திரை அவரை வாசல்வரை கொண்டுவந்துவிட்டது. கதவைத் திறக்கவைத்தது அவர் பேச்சுதான்.

இப்போது கம்பிக்குப் பதில் ஃபைபர் பரவுகிறது. 2017 டிசம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட ஆந்திர அரசின் ஃபைபர்நெட், மின்கம்பங்களில் கண்ணாடி இழையை இழுத்து, உள்ளூர் கேபிள்காரர்கள் வழியாகவே வீடுகளுக்கு வந்தது. ஒளிக்குள் மோட்டார் இரைச்சல் புகாது. ஆனால் வீடுகளில் வைக்கும் பெட்டிகளில் கோளாறான ஒன்று தன் முறை வராமலே ஒளியை அனுப்பினால், அதே இழையில் இருக்கும் எல்லா வீடுகளும் தடுமாறும். அப்போதும் ஒவ்வொரு பெட்டியாக அணைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். புதிதாகச் சேரும் பையன்களுக்கு இழை ஒட்டும் மெஷினைப் பழக்குகிறார்கள். புகாரே தராதவர் வீட்டுக்குள் போவது எப்படி என்பதை, இப்படி ஒருவர் பின்னால் அலைந்துதான் அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள்.