இரண்டு கார்புரேட்டர்களும் மூன்று பவுண்டும்

ஃபோர்டு நிறுவனம் 1932-இல் அறிமுகப்படுத்தி 1953 வரை தன் அமெரிக்கக் கார்களில் வைத்திருந்த பக்கவால்வு வி-8 எஞ்சினில், ஒற்றைக் கார்புரேட்டரை எடுத்துவிட்டு இரண்டைப் பூட்டும் வழக்கம், தென் கலிபோர்னியாவின் முரோக் வறண்ட ஏரிப்படுகையில் வேகம் பார்த்த இளைஞர்களிடம் வேரூன்றியது. முப்பதுகளின் இறுதியில் விக் எடெல்பிராக் உருவாக்கிய 'ஸ்லிங்ஷாட்' மேனிஃபோல்டு, அதாவது காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையைச் சிலிண்டர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் அலுமினிய வார்ப்பு, இன்று பொன்னைப்போல் போற்றப்படுகிறது. அதற்குப் பெட்ரோல் கொண்டுவரும் குழாயை மட்டும் எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

இந்த எஞ்சினில் மேனிஃபோல்டே வால்வுப் பள்ளத்துக்கு மூடியாகவும் இருப்பதால், அதன் அடிப்புறத்தில் கேஸ்கெட் சரியாகப் படியாவிட்டால், எஞ்சின் வெளிக்காற்றுக்குப் பதிலாக உள்ளிருக்கும் எண்ணெய் ஆவியை உறிஞ்சும். மேலிருந்து எத்தனை முறை சோதித்தாலும் கசிவு அகப்படாது, புகைக்குழாயில் நீலப் புகைதான் வரும். நேர்சட்டமும் ஃபீலர் கேஜும் வைத்துப் பரப்பைப் பார்ப்பதும், போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கிப் படிப்படியாக இறுக்குவதும் தொழில் தெரிந்தவருக்குச் சொல்லித் தரவேண்டியவை அல்ல.

சொல்ல வேண்டியது அழுத்தத்தைப் பற்றித்தான். ஃபோர்டு 1936-இல் பயன்படுத்தத் தொடங்கிய ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டரில் (தொண்டையின் விட்டம் 0.97 அங்குலம் என்பதால் இப்பெயர்), மிதவை உயரும்போது ஒரு சிறு ஊசி பெட்ரோல் வழியை அடைக்கிறது, சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 3 பவுண்டுக்கு மேல் அழுத்தம் வந்தால் அந்த ஊசி தாங்காது. ஐந்து, ஆறு பவுண்டு தள்ளும் மின் பம்பை அழுத்தக் கட்டுப்படுத்தி இல்லாமல் இணைத்துவிட்டு, கார்புரேட்டர் வழிகிறது என்று அந்தப் பழம்பொருளைக் குறைசொல்வது பொறுக்க முடியாத அநியாயம்.

தொழிலின் உண்மையான சோதனை பெட்ரோல் கொண்டுவரும் எஃகுக் குழாயின் முனையில் இருக்கிறது. குழாயை அறுத்து, உட்பிசிறை நீக்கி, நட்டை முதலில் கோத்துக்கொண்டு, முனையை 45 பாகைக்கு விரித்து, அந்த விளிம்பையே மீண்டும் உள்மடிக்கும் இரட்டை விரிப்பு பழகக் கைக்குப் பல மாதங்கள் பிடிக்கும். ஒற்றை விரிப்பில் எஃகு தையலோரம் பிளந்துவிடும். செம்பு வளைக்க எளிதே, ஆனால் அதிர்வில் இறுகி ஒருநாள் முறியும் என்பதால் அது இந்த வேலைக்கு ஆகாது. வளைவு சரியாக அமைந்ததா என்பதை நட்டே காட்டிவிடும்: முதல் சில சுற்றுகள் விரலாலேயே ஏறவேண்டும், ஸ்பேனர் போட்டு இழுத்தால்தான் குழாய் இடத்துக்கு வருகிறது என்றால், அந்தக் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வளைப்பதே முறை.

இக்காலத்தில் இதற்கெல்லாம் பொறுமை இல்லை. பளபளக்கும் பெட்ரோல் பகிர்வுக் குழலிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள், அவற்றின் மேல் தோலை அறுக்கும் திருகு கிளிப்புகள், சூடேறும் எஞ்சினுக்கு மேலேயே ஒரு கண்ணாடி வடிகட்டி என்று அரை மணி நேரத்தில் வேலை முடிக்கப்படுகிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வகை ரப்பரை உள்ளிருந்து தின்னும். அசையாத சட்டகத்திலிருந்து அசையும் எஞ்சினுக்குத் தாவும் ஒரு சாண் இடத்தில் மட்டும் ரப்பர் தவிர்க்க இயலாதது. அங்கும் 30ஆர்9 தரக்குறி அச்சிட்ட குழாயும், முனையில் புடைப்பு எழுப்பிய எஃகும் வேண்டும்.

வேலை முடிந்ததும் எஞ்சினைச் சூடேற்றி, இரவு முழுதும் ஆறவிட்டு, மறுநாள் காலையில் ஒவ்வொரு நட்டையும் சுற்றி வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பது பழைய பட்டறைகளின் வழக்கம். துணியில் மங்கிய ஈர வளையம் ஒன்று தெரிந்தாலும் வண்டி வெளியே போகாது. இப்போது வண்டிக்காரர்கள் அந்த ஓர் இரவைக்கூடத் தர மறுக்கிறார்கள்.